கண்ணாடியை அறியாத குருவி



2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின்னர், பழவேற்காட்டு ஏரியை அடுத்த காட்டூர்ப் பக்கம், புதிதாய்க் கட்டி முடித்த ஒரு வீட்டில் துஆ ஓதுவதற்காக நம்மை அழைத்திருந்தார்கள். வளைகுடா நாட்டில் பல்லாண்டுகள் உழைத்துச் சேர்த்த பொருளில் எழுந்த வீடு. மேல்மாடி முகப்பு முழுவதும் நீலச் சாயல் கொண்ட கண்ணாடி. வெளியே நின்று நோக்கினால் வானமும், தென்னையும், மேகமும் அதிலே அச்செடுத்தாற்போல் தெரிந்தன. வீட்டுக்காரர் பெருமையோடு காட்டினார், நாமும் பாராட்டினோம். அனைவரும் கையேந்தி நின்ற வேளையில், மாடியில் யாரோ கல்லெறிந்தாற்போல் ஓர் ஓசை கேட்டது. ஆமீன் சொல்லி முடித்து வெளியே வந்தபோது வாசற்படியருகில் ஒரு குருவி கிடந்தது. முதுகு பச்சை, மார்பு மங்கிய மஞ்சள், கண்ணின் குறுக்கே மை தீட்டினாற்போல் ஒரு கறுப்புப் பட்டை, வாலின் அடியிலே செந்நிறம். அலகின் ஓரத்தில் ஒரு துளி இரத்தம்.

அண்டை வீட்டு மீனவப் பெரியவர் ஒருவர் அதைக் கையிலெடுத்துப் பார்த்தார். “ஆறுமணிக் குருவிங்க ஐயா. வடக்கேயிருந்து வருது. மழைக்கு முன்னாடி இங்க வந்துடும்” என்றார். வீட்டுக்காரர் முகம் வாடிவிட்டது. “குடி புகுவதற்குள் இது நான்காவது, ஹஜ்ரத். கண்ணாடி போட்ட நாள் முதல் இப்படித்தான்” என்றார் மெல்லிய குரலில்.

அந்தப் பெரியவர் சொன்னது முற்றிலும் உண்மை. காலையும் மாலையும் ஆறு மணியளவில் இருகுரலில் கூவுவதால் ஆறுமணிக் குருவி என்று நம் மக்கள் பெயரிட்ட இப்பறவை, இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைக் கழிக்கத் தென்னாட்டிற்கும் இலங்கைக்கும் வருகிறது. ஐம்பது, அறுபது கிராம் எடையுள்ள உடலைத் தூக்கிக்கொண்டு இரவெல்லாம் பறந்து வருகிறது. ஆயிரம் கல் தொலைவு காற்றையும் மழையையும் வேட்டைப் பறவைகளையும் தாண்டி வந்த பயணி, காட்டூரில் ஒரு வீட்டு முகப்பிலே வானம் இருப்பதாக நம்பி உயிர் விட்டது.

இல்லம் திரும்பும் வழியெல்லாம் திருமறையின் இருபத்தேழாம் அத்தியாயமாகிய அந்நம்ல் நம் நினைவை விட்டு அகலவில்லை. அன்பர்கள் அதை எடுத்துப் பொருளுணர்ந்து ஓதிப் பார்க்க வேண்டுகிறோம். ஸுலைமான் நபி (அலை) அவர்களின் வரலாறு அதிலே வருகிறது. மூன்று செய்திகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. முதலாவது, எறும்பின் அச்சம். பெரும்படை வருவதைக் கண்ட ஓர் எறும்பு, புற்றுகளுக்குள் புகுந்துகொள்ளுமாறு தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. படையினர் கொடியவர்கள் என்று அது குறை கூறவில்லை. அறியாமலே மிதித்துவிடுவார்கள் என்றுதான் அஞ்சுகிறது. அதைக் கேட்ட நபியவர்கள் புன்னகை பூத்து, இறைவனுக்கு நன்றி செலுத்துகிறார்கள். இரண்டாவது, ஹுத்ஹுத் என்னும் கொண்டலாத்திப் பறவை. பறவைகளின் அணிவகுப்பிலே ஒன்று குறைவதையும் அந்தப் பேரரசர் கவனித்துக் கேட்கிறார். மூன்றாவது, கண்ணாடி. ஸபா நாட்டின் அரசியார் மாளிகைக்குள் அடியெடுத்து வைக்கும்போது, பளபளக்கும் கண்ணாடித் தளத்தை நீர்த்தேக்கம் என்று எண்ணி ஆடையை உயர்த்திக்கொள்கிறார். அது கண்ணாடி என்று அவருக்கு எடுத்துச் சொல்லப்படுகிறது.

ஒரு நாட்டை ஆண்ட அறிவு மிக்க அரசியாரே கண்ணாடியை நீரென்று மயங்கினார். அவருக்கு எடுத்துச் சொல்ல ஒருவர் அருகில் இருந்தார். குருவிக்கு எடுத்துச் சொல்வார் யார்?

பறவை ஏன் மோதுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கண்ணாடி என்ற ஒரு பொருள் உலகில் உண்டு என்பதே அதற்குத் தெரியாது. மனிதராகிய நாம் சட்டத்தையும் கைப்பிடியையும் கண்டு, ‘இங்கே கண்ணாடி இருக்கிறது’ என்று பழக்கத்தால் ஊகித்துக்கொள்கிறோம். அப்படியும் புதிய கடைகளின் கதவில் நெற்றியை இடித்துக்கொண்டவர் நம்மிலே எத்தனையோ பேர்! பறவைக்கு அந்த ஊகம் இல்லை. வெளிச்சம் வெளியே மிகுந்திருந்தால் கண்ணாடியிலே மரமும் வானமும் தெரிகின்றன. அவை மெய்யென்று நம்பிப் பாய்கிறது. அறையின் இரு பக்கமும் சன்னல் இருந்தால் ஊடே வழி இருப்பதாகத் தோன்றுகிறது. உள்ளே வைத்த பூந்தொட்டி கிளையாகத் தெரிகிறது. இக்காலத்து மாடிகளில் கம்பிக்குப் பதிலாக வைக்கும் கண்ணாடிக் கைப்பிடிச் சுவரும், இரண்டு கண்ணாடிகள் கூடும் மூலையும் இன்னும் கொடியவை.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை என்று எண்ணிவிட வேண்டா. அமெரிக்காவிலே டேனியல் கிளெம் என்னும் பேராசிரியர் 1970-களிலிருந்து இதையே ஆராய்ந்து வருகிறார். அந்நாட்டில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுதோறும் 36 கோடிக்கு மேல் ஏறத்தாழ 99 கோடி வரை பறவைகள் மடிகின்றன என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சிகாகோ நகரில் ஏரிக்கரையோரம் உள்ள மெக்கார்மிக் பிளேஸ் என்னும் மாநாட்டு மண்டபத்தில், 2023 அக்டோபர் 5-ஆம் நாள் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மோதி மாண்டு கிடந்தன. சிங்கப்பூரில், நம் தமிழ் மக்கள் மிகுதியாய் வாழும் அந்த நகரில், உயர்ந்த கட்டடங்களில் மோதும் வலசைப் பறவைகளுள் முன் வரிசையில் நிற்பது நம் ஆறுமணிக் குருவியின் நெருங்கிய உறவினமே. காட்டூரோ, இந்தியாவின் உப்பங்கழிகளுள் சிலிகாவுக்கு அடுத்து மிகப் பெரியதாகிய பழவேற்காட்டு ஏரியை ஒட்டியது. தமிழக அரசு 1980-இல் அந்த ஏரியில் தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பூநாரையும் கூழைக்கடாவும் காண வெளியூர் மக்கள் வந்து குவிகின்றனர். பூநாரை சன்னலில் வந்து மோதுவதில்லை. அதற்குப் பகை மின்கம்பியும் விமானமும். 2024 மே மாதத்தில் மும்பையில் விமானம் ஒன்றில் அடிபட்டு முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் மாண்ட செய்தியை நாளேடுகளில் படித்திருப்பீர்கள். நம் வீட்டுக் கண்ணாடிக்கு இரையாவன சிறியவை. யாரும் படம் எடுக்காதவை. பூனை கவ்விச் சென்றால் தடயமும் இல்லாதவை.

இப்போது நம்முடைய பிழை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் இமாமாய்ப் பணிபுரியும் பள்ளிவாசலில் 2021-இல் மாடி எழுப்பினார்கள். பழைய பலகணிகள் சிறியவை. மரச்சட்டமும் கம்பியும் உள்ளவை. உள்ளே இருள் சூழ்ந்திருக்கும். வயதான நம் கண்ணுக்குக் கிதாபு வாசிக்க வெளிச்சம் போதவில்லை. ‘பெரிய கண்ணாடியாக வையுங்கள்’ என்று ஜமாஅத்தாருக்கு யோசனை சொன்னவர் நாமே. அதன்பின் வெளிச்சம் பெருகிற்று, மகிழ்ந்தோம். காட்டூரிலிருந்து திரும்பிய மறுநாள், பாங்கு சொல்லும் மோதினாரை அழைத்து, மாடிச் சன்னலுக்குக் கீழே எப்போதேனும் குருவி கிடந்ததுண்டா என்று கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு பின்புறத்துத் தென்னையடியைக் காட்டினார். சுப்ஹுக்கு முன் கூட்டிப் பெருக்கும்போது கிடைப்பவற்றை அங்கே குழி தோண்டிப் புதைத்து வருவதாகச் சொன்னார். எத்தனை என்று கேட்டோம், எண்ணவில்லை என்றார். நம்மிடம் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, “ஹஜ்ரத் ஆசைப்பட்டு வைத்த கண்ணாடியாயிற்றே” என்றார். மூன்றாண்டுக் காலம் அந்தச் சன்னலின் ஒளியில் அமர்ந்து, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது பற்றி நாம் பயான் செய்திருக்கிறோம்!

இந்தச் செய்தியை நண்பர் சிலரிடம் பேசியபோது ஒருவர் மறுத்துரைத்தார். “என் நிலம், என் பணம், என் கண்ணாடி. நான் எந்தப் பறவையையும் அடிக்கவில்லை. மார்க்கச் சட்டப்படி என் மீது என்ன குற்றம்?” என்றார். கேள்வி நேர்மையானது, பதிலும் நேர்மையாய் இருக்க வேண்டும். பொதுவழியிலே உரிமையின்றிக் குழி தோண்டியவன், அதில் விழுந்து இறந்ததற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவன். தன் சொந்த நிலத்தில் தோண்டியவன் மீது ஈடு இல்லை. இது நம் சட்ட நூல்கள் கூறும் முடிவு. காட்டுப் பறவைக்கு உடையவன் என்று யாரும் இல்லை; ஆகவே ஈடு கேட்பாரும் இல்லை. இந்த அளவில் நண்பர் சொன்னது சரி.

ஆனால், மக்காவின் ஹரம் எல்லைக்குள் புறா ஒன்றைத் தவறுதலாகக் கொன்றாலும் அதற்கு ஓர் ஆடு பரிகாரம் என்று நம் ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுவதையும் அவர் படித்திருக்கிறார். எண்ணாமல் செய்தது என்பதால் உயிரின் மதிப்புக் குறைந்துவிடவில்லை என்பதன்றோ அதன் பொருள்? காஜியின் மன்றத்திலே கேள்வி இல்லை என்பதால் மறுமையிலும் கேள்வி இல்லை என்றாகாது. பூனையைக் கட்டி வைத்து உணவின்றிச் சாகவிட்ட பெண்ணின் கதியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததை அறிவோம். குஞ்சுகளை இழந்து சிறகடித்துத் தவித்த சிறு பறவையைக் கண்டு, குஞ்சுகளைத் திருப்பி வைக்குமாறு தோழர்களுக்கு அவர்கள் கட்டளையிட்டதையும் அறிவோம். அறியாதிருந்தவரை எறும்பை மிதித்த படைவீரனின் நிலை நம் நிலை. எறும்பு பேசியதைக் கேட்ட பின்னும் அதே இடத்தில் குதிரையைச் செலுத்துபவனை என்னவென்பது? நண்பர் இதற்கு விடை சொல்லவில்லை, “செலவு எவ்வளவு ஆகும்?” என்று மட்டும் கேட்டார். அது நல்ல அறிகுறி என்றே நாம் கொண்டோம்.

செலவு மிகச் சிறிது. கண்ணாடியைப் பெயர்த்தெடுக்கத் தேவையில்லை. பறவையின் கண்ணுக்கு அது தெரியும்படி செய்தால் போதும். வெளிப்புறத்திலே கோடுகளோ புள்ளிகளோ இட வேண்டும். உட்புறம் இட்டால் வெளிச்சம் பிரதிபலிக்கையில் மறைந்துவிடும். ஒன்றுக்கொன்று இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மிகக் கூடாது. சிறு குருவிகளுக்கு 5 சென்டிமீட்டர், அதாவது மூன்று விரல் அகலம், என்றால் மிகவும் நன்று. அந்த இடைவெளியில் தன் உடல் நுழையாது என்று பறவை கணித்து விலகிச் செல்லும். கண்ணாடிக்கு ஒன்றாகப் பருந்துப் படம் ஒட்டுவதைச் சிலர் செய்கின்றனர், அதனால் பயனில்லை. படத்தின் மேல் மோதாமல் பக்கத்திலே மோதும், அவ்வளவுதான். உயிருள்ளவற்றின் உருவம் பள்ளிவாசலில் கூடாதே என்று தயங்குவோருக்கு இது ஓர் ஆறுதல்! நம் முன்னோர் பலகணிகளில் அமைத்த பின்னல் கோலங்களே பறவைக்கும் ஏற்றவை. சிகாகோ மண்டபத்தினரும் 2024-இல் கண்ணாடி முழுவதும் சிறு சிறு புள்ளிகள் கொண்ட மெல்லிய படலத்தை ஒட்டினார்கள். அந்த இலையுதிர் காலத்தில் பறவைச் சாவு நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் குறைந்தது. நியூயார்க் நகரம் 2019-இல் புதிய கட்டடங்களுக்கு இத்தகைய கண்ணாடியைச் சட்டமாகவே ஆக்கிற்று.

நம் பள்ளிவாசலில் மதரஸாப் பிள்ளைகள் ஒரு வெள்ளிக்கிழமை விடுமுறையில் வெள்ளைச் சாயத்தால் கோடிட்டு முடித்தார்கள். சில கோடுகள் கோணல்தான். இப்போது மோதினாரின் துடைப்பத்தில் தென்னம்பாளையும் வேப்பிலையும் வருகின்றன.

புது வீடு கட்டுவோர் இரும்புப் பட்டறையில் ‘கிரில்’ சொல்லும்போதே ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம்: கம்பி கண்ணாடிக்கு வெளியே அமையட்டும். உள்ளே அமைந்த கம்பி திருடனைத் தடுக்கும், குருவியைத் தடுக்காது. கொசுவலையும் அவ்வாறே, வெளியே பொருத்தினால் கொசுவுக்கும் தடை, குருவிக்கும் காப்பு. பழவேற்காட்டு முஸ்லிம் பெண்கள் பனையோலையில் முடையும் கூடையும் பெட்டியும் பேர்போனவை. அந்தக் கைகளுக்கு ஓலைத்தட்டி முடைவது அரிதன்று; சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டால் வெயிலும் தணியும், ஓர் ஏழைக் குடும்பத்திற்கு வருவாயும் ஆகும்.

ஸதகா என்று கருதி மாடியில் நீர்க்கிண்ணமும் தானியமும் வைக்கும் தாய்மார்களுக்கு ஒன்று கூற வேண்டும். அது பெரும் புண்ணியம். ஆனால் வைக்கும் இடம் பார்த்து வையுங்கள். கண்ணாடியிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி வைத்தால், ஏதேனும் வெருட்டும்போது பறவை முழு வேகத்தோடு கிளம்பிக் கண்ணாடியில் மோதும். ஒரு மீட்டருக்குள் வைத்தால் வேகம் பிடிக்க இடமிராது. அல்லது வெகு தொலைவில், மரத்தடியில் வையுங்கள். சிட்டுக்குருவி கண்ணாடியைக் கொத்திக் கொத்திச் சண்டையிடுவது வேறு சங்கதி. தன் உருவத்தைப் பகைவனென்று எண்ணி அது செய்வது. துணியால் சில நாள் மூடி வைத்தால் மறந்துவிடும்.

இரவு விளக்குகளும் வலசைப் பறவைகளைத் திசை தடுமாறச் செய்கின்றன. அக்டோபர், நவம்பரில் மேகம் தாழ்ந்த மழையிரவுகளில் அவை தாழப் பறக்கும்போது இது மிகுதி. திரும்பிச் செல்லும் காலம் மார்ச், ஏப்ரல். 2025-இல் ரமலான் ஏறத்தாழ மார்ச் மாதம் முழுவதும் அமைந்தது. மினாராக்களில் விடிய விடிய வண்ண விளக்குகள் எரிந்தன. தராவீஹ் முடிந்து மக்கள் வீடு திரும்பிய பின், ஸஹர் வரைக்கும் அவற்றை அணைத்து வைத்தால் இபாதத்திலே எதுவும் குறையாது, மின்கட்டணம் குறையும்.

மோதிய பறவை எல்லாம் உடனே இறந்துவிடுவதில்லை. மயங்கிக் கிடப்பதைக் கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்து வைத்து மூடி, இருட்டாகவும் அமைதியாகவும் உள்ள இடத்தில் வையுங்கள். வாயில் நீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஓரிரு மணி நேரம் கழித்து வெளியே, கண்ணாடிக்கு எதிர்ப்புறமாகத் திறந்துவிடுங்கள். பறக்க இயலாவிட்டால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ சேர்க்க வேண்டும். காட்டூரில் ஓர் இளைஞர் நம்மிடம், “உயிர் இருக்கும்போதே அறுத்தால் ஹலால்தானே?” என்று கேட்டார். உயிர் நிலைத்திருக்கும்போது முறைப்படி அறுத்தது ஆகும் என்பதும், மோதியே செத்தது ஆகாது என்பதும் சட்டம். ஆனால் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடித்து வைக்கவும் இடந்தரவில்லை என்று சொல்லி, கூடவே, ஆயிரம் கல் கடந்து உம் வாசலில் விழுந்த விருந்தாளியிடம் கேட்கும் கேள்வியா இது என்றும் கேட்டோம். சிரித்துக்கொண்டே பெட்டி தேடப் போனார்.

அந்த வீட்டுக்காரர் பிறகு அனுப்பிய செய்தி சுவையானது. மீனவப் பெரியவர் தாமே வந்து, கழித்த வலை ஒன்றைக் கண்ணாடிக்கு வெளியே ஒரு சாண் தள்ளிச் சட்டத்தில் இழுத்துக் கட்டிக் கொடுத்தாராம். தங்கூசி வலை வேண்டா என்றும் அவரே சொன்னாராம். அந்த இழை கண்ணுக்குத் தெரியாது, பறவை சிக்கிக்கொள்ளும். தடித்த நூல், சிறிய கண், தொய்வில்லாத கட்டு. இவை மூன்றும் இருந்தால் வந்து மோதும் குருவியும் அடிபடாமல் திரும்பிவிடும். அதே வலையைத் தங்கள் மஹல்லாப் பள்ளிவாசலிலும் கட்டலாமா, மீன் பிடித்த வலையாயிற்றே, அசுத்தம் ஆகாதா என்று ஜமாஅத்தார் சிலர் ஐயுற்றதாக எழுதியிருந்தார். செத்த மீன் தூய்மையானதே. அதன் இரத்தத்தைப் பற்றி மட்டும் இமாம்களுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. நன்கு கழுவிவிட்டால் எவர் சொல்லின்படியும் தடையில்லை. வாடை போகும்வரை இரண்டு, மூன்று நாள் வெயிலில் உலர்த்திக் கட்டுமாறு எழுதியிருக்கிறோம். வெங்காய வாடையோடு பள்ளிக்கு வருவதையே பெருமானார் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை.